ஓடைக்கு ஒரு பக்கம் இல்லை

இப்போதெல்லாம் ஆட்கள் கேள்வி கேட்கிற விதமே மலைச்சாமிக்குப் பிடிப்பதில்லை. கேட்டுவிட்டு, பதில் சொல்கிறவன் முகத்தைப் பார்ப்பதில்லை. நீட்டிப் பிடித்த போனுக்குள் அந்த முகம் சரியாக விழுகிறதா என்று பார்க்கிறார்கள். போன மாசம் ஒருத்தன் தோட்டத்துக்கே வந்து, "காலநிலை மாற்றத்தைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்றான். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கப் போனார். "கொஞ்சம் வெயில் பக்கம் திரும்பி நில்லுங்க, முகம் கறுப்பா விழுது" என்றான். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இவர் பாட்டுக்குப் போய்விட்டார். எழுபத்திரண்டு வயசு வரைக்கும் கறுப்பாக விழுந்த முகம், அவனுக்காக ஒரு நாளில் வெளுக்குமா?

அப்படிப்பட்ட ஆள், புரட்டாசி மாசத்து ஒரு காலையில் துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு டிவிக்காரர்கள் அனுப்பிய வேனில் ஏறிச் சின்னமனூர் போனார். எல்லாம் ஒரு சிமெண்டுக் குழாய்க்காக.

அவர் தோட்டம் ஓடைப்பட்டி ரோட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் பந்தல் போட்டு இருபத்தேழு வருசம் ஆகிறது. மேட்டிலிருந்து ஒரு ஓடை இறங்கி வந்து கண்மாயில் விழும். கண்மாயில் தண்ணீர் நின்றால் அவர் கிணறு ஊறும். கிணறு ஊறினால் கொடி நிற்கும். இவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த விஞ்ஞானம். மூன்று வருசத்துக்கு முன்னால் கம்பெனி ஒன்று அந்த மேட்டில் கரண்டு எடுக்கிற பெரிய காத்தாடிகள் பதினொன்றை நட்டது. ஒவ்வொரு றெக்கையும் ஒரு தெரு நீளம். அதை ஏற்றி வந்த லாரி திரும்ப வழியில்லை என்று ஓடைக்குக் குறுக்கே மண்ணடித்து ரோடு போட்டார்கள். "ரோட்டுக்கு அடியில குழாய் பதிச்சு விட்டுருவோம் பெரியவரே, தண்ணி அதுபாட்டுக்குப் போகும்" என்றார்கள். றெக்கை வந்தது. லாரி போனது. குழாய் மட்டும் வரவில்லை.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று உழவு மழை கொட்டியது. ஒரு தடவை உழுகிறதுக்குப் போதுமான ஈரம் மண்ணில் இறங்கினால் அது ஒரு உழவு மழை. அது மாதிரி மூன்று. ஓடை இரண்டு கரையும் முட்ட இறங்கி வந்தது. வந்து ரோட்டில் மோதி, மேற்கே திரும்பி, யாருக்கும் பிரயோசனமில்லாத பொட்டலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. பதினைந்து நாள் அங்கேயே கிடந்து வற்றியது. கண்மாயில் ஒரு கொக்கு நிற்கத் தண்ணீர் இல்லை. மாசியில் கிணறு வறண்டது. அரை ஏக்கர் பந்தல் காய்ந்து விறகானது. இந்த ஐப்பசிக்குள் குழாய் வரவில்லையென்றால் மிச்ச ஒரு ஏக்கரும் அடுப்புக்குத்தான். மனு கொடுத்த ஆபீசில் எல்லாம் மனு பத்திரமாக இருக்கிறது. "வாய் செத்த மனுசனக் கட்டிக்கிட்டு வந்தேன்" என்று அவர் மனைவி முத்துமாரியம்மாள் காலையில் ஒரு தடவையும் சாயங்காலம் ஒரு தடவையும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேனில் பக்கத்து சீட்டில் உத்தமபாளையத்து அப்துல் ஜலீல் உட்கார்ந்திருந்தார். திராட்சை விவசாயிகள் சங்கத்துத் தலைவர். மலைச்சாமியைவிடப் பன்னிரண்டு வயசு இளையவர். அத்தர் வாசனையும் அவசரமுமாக எப்போதும் இருப்பார்.

மலைச்சாமி காலுக்கடியில் எதுவோ இடறியது. குனிந்து எடுத்தார். மஞ்சள் பிளாஸ்டிக் தொப்பி. கட்டட வேலை செய்கிறவர்கள் தலையில் கவிழ்த்துக்கொள்கிற தொப்பி.

"ராவுத்தரே, இது யாரு வண்டி?"

"டிவிக்காரக வண்டிண்ணே."

"டிவிக்காரனுக்கு என்னத்துக்கு மஞ்சத் தொப்பி? மண்டையில செய்தி விழுந்துருமோன்னு பயமா?"

ஜலீல் டிரைவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "சரி, கம்பெனி வண்டிதான். டிவிக்காரக கேட்டு வாங்கியிருக்காக. வண்டில என்ன இருக்கு, விடுங்கண்ணே. சங்கத்துல பேசினது ஞாபகம் இருக்குல்ல? காத்தாடி மேகத்த வெரட்டுது. அது வந்த நாள்லருந்து மழை இல்ல. அத மட்டும் சொல்லுங்க. ஓடைய எடுத்துறாதீக."

"நான் ஓடைக்குத்தான வாரேன்."

"ஓடைன்னா அது ஒங்க ஒரு ஆளு தோட்டம். மேகம்னா ஏழு ஊரு. ஒரு ஆளு தோட்டத்துக்கு எந்த டிவிக்காரன் வருவான்? மேகம்னு ஓங்கி அடிச்சோம்னா கம்பெனி பதறும். பதறிருச்சுன்னா குழாய் என்ன, ஒங்களுக்குப் பாலமே கட்டித் தருவான்."

"மேகம் வந்துச்சே ராவுத்தரே. நான் நனைஞ்சுல்ல நின்னேன்."

"நனைஞ்சத யாரு கேட்டா?"

"நீங்க நம்புறீகளா அத? மேகத்த வெரட்டுதுன்னு?"

ஜலீல் சன்னல் வழியாக வாழைத் தோட்டங்களைப் பார்த்தார். "பாதி நம்புறேன். மத்த பாதிக்குச் சங்கத் தலைவரா இருக்கேன்."

சங்கத்துக் கூட்டத்தில் தலையை ஆட்டிவிட்டு வந்தது நிஜம்தான். அன்றைக்கு எல்லாரும் ஆட்டினார்கள். இவர் வாயை மூடிக்கொண்டு ஆட்டினார். மீசையும் துண்டுமாக டிவிக்குப் பொருத்தமான ஆள் என்று சொல்லி இவர் பேரைத்தான் பேசுவதற்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

சின்னமனூர்க் கல்யாண மண்டபத்தில் பொண்ணு மாப்பிள்ளை உட்கார்கிற மேடையில் கேமராக்கள் நின்றன. பின்னால் பெரிய துணியில் 'காற்றாலை: வரமா? சாபமா?' என்று எழுதியிருந்தது. வலது பக்கம் பச்சை நாற்காலிகள், இடது பக்கம் சிவப்பு நாற்காலிகள். பச்சையில் உட்கார்கிறவர்கள் வரம் என்று பேச வேண்டும், சிவப்பில் உட்கார்கிறவர்கள் சாபம் என்று பேச வேண்டும். நடுவில் கோட்டுப் போட்டுக்கொண்டு வினோத்ராஜ் நின்றான். நிகழ்ச்சியை நடத்துகிறவன். முகத்தில் பவுடர் அப்பியிருந்தது. இவர்களைக் கண்டதும் வாசலுக்கு வந்து கும்பிட்டு வரவேற்றான்.

"ஐயா வாங்க. எதுக்கும் பயப்படாதீங்க. எங்க சேனல் நடுநிலையான சேனல். ரெண்டு பக்கத்துக்கும் ஆளுக்கு இருபத்திரண்டு நிமிசம். ஒரு செகண்டு கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"வண்டி கம்பெனி வண்டி" என்றார் மலைச்சாமி.

வினோத்ராஜ் சிரித்தபடியே நின்றான். "ஆமாங்கய்யா, மறைக்கல. வண்டி அவங்க குடுத்தாங்க. மத்தியானம் பிரியாணி ஒங்க சங்கம் போடுது. அதுவும் சரிசமமாப் போச்சுல்ல?"

மலைச்சாமி ஜலீலைப் பார்த்தார். ஜலீல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஒருத்தன் வண்டியில் ஏறி, இன்னொருத்தன் சோற்றைத் தின்றுவிட்டு, நான் இரண்டு பேருக்கும் நடு என்கிறவனை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று மலைச்சாமிக்குத் தெரியவில்லை.

மேடை ஓரத்தில் ஒரு சின்ன மேசை போட்டு ஒரு பொண்ணு உட்கார்ந்திருந்தாள். திரிஷா என்று கூப்பிட்டார்கள். அவள் முன்னால் இரண்டு போன். ஒன்றில் பச்சைப் பொட்டு ஒட்டியிருந்தது, இன்னொன்றில் சிவப்புப் பொட்டு. பச்சைக்காரர் பேச ஆரம்பித்தால் அவள் பச்சையைத் தட்டுவாள், நேரம் ஓடும். சிவப்புக்காரர் வாயைத் திறந்தால் சிவப்பைத் தட்டுவாள். யார் பேசினாலும் அவள் முகம் ஒரே மாதிரி இருந்தது. பேச்சைக் கேட்கிறாளா, வாய் அசைவதை மட்டும் பார்க்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

முதலில் பச்சைப் பக்கத்திலிருந்து ஜெபஷீலா பேசினாள். மழையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பேராசிரியை. கண்ணாடி, பருத்திச் சேலை, கையில் ஒரு கட்டுக் காகிதம். "காத்தாடி மேகத்த வெரட்டுதுங்கறதுக்கு ஆதாரமே இல்ல. மழை மேகம் உருவாகிறது இந்த றெக்கைகளுக்கெல்லாம் ரொம்ப மேல. மாறியிருக்கிறது என்னன்னா, மழை பேயுற நாள் குறைஞ்சிருக்கு. பேஞ்சா ஒரேயடியாப் பேயுது. பூமி சூடாகுறதால இப்படி நடக்குது. அதனாலதான் நிலக்கரியக் குறைச்சு, காத்துலயும் வெயில்லயும் கரண்டு எடுக்கணும்னு சொல்றோம்" என்றாள்.

மலைச்சாமி சிவப்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரேயடியாப் பேயுது. அவர் நனைந்து நின்று பார்த்ததைத்தான் இந்தம்மா சொல்கிறாள். ஆனால் எந்த வண்டியில் வந்தாளோ. சரியாகச் சொல்கிறவள் ஏன் கம்பெனிக்காரன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிறாள்? அவளுக்கு அடுத்த நாற்காலியில் கம்பெனி இன்சினியர் அஜய்குமார் காலை ஆட்டிக்கொண்டு, அவள் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் அவள் சொன்னதில் பாதி கசந்துபோனது.

அடுத்து ஜலீல். சும்மா சொல்லக்கூடாது, மனுசன் மண்டபத்தை அதிர வைத்தார். "கம்பத்துப் பள்ளத்தாக்குல திராட்சை வெளையிற மண்ணு இது! எங்க வானத்துக்கு வந்த மேகத்தக் கத்தியால வெட்டுற மாதிரி வெட்டி அனுப்புறீங்களே, இது ஞாயமா?" பின்னால் உட்கார்ந்திருந்த சங்கத்து ஆட்கள் கை தட்டினார்கள். வினோத்ராஜுக்கும் சந்தோசம். சிவப்பு, பச்சை இரண்டும் சூடு பிடித்துவிட்டது.

"இப்ப ஒரு அனுபவப்பட்ட விவசாயியக் கேப்போம். மலைச்சாமி ஐயா, காத்தாடி வந்ததுக்கு அப்புறம் ஒங்க ஊர்ல மழை குறைஞ்சிருச்சா?"

மைக் வாய்க்குப் பக்கத்தில் வந்தது. திரிஷா சிவப்பைத் தட்டினாள். ஜலீல் முழங்கையால் ஒரு இடி கொடுத்தார்.

மலைச்சாமி மேல் துண்டை எடுத்து மடியில் வைத்தார். குறைஞ்சிருச்சு என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் கை தட்டுவார்கள், கம்பெனி பதறினாலும் பதறும், குழாய் வந்தாலும் வரும். நாக்கு அந்த வார்த்தைக்குத் தோதாக மடங்கிக்கூட விட்டது.

"கொறையல" என்றார்.

வினோத்ராஜ் மைக்கை இன்னும் கிட்டே நீட்டினான்.

"சரியா சொல்லுங்கய்யா. மழை...?"

"சரியாத்தான் சொல்றேன். மேகம் வந்துச்சு. மழை பேஞ்சுச்சு. போன ஐப்பசியில ஒரு மணி நேரத்துல மூணு உழவு மழை. அந்தம்மா சொல்ற மாதிரி ஒரேயடியாக் கொட்டுச்சு. காத்தாடி அதுபாட்டுக்குச் சுத்துச்சு, மேகம் அதுபாட்டுக்கு ஊத்துச்சு."

"அண்ணே" என்று பல்லைக் கடித்தார் ஜலீல்.

வினோத்ராஜ் ஒரு விநாடி தடுமாறினான். பிறகு முகத்தில் விளக்கு எரிந்தது. "பாருங்க நேயர்களே! எதிர்ப்புப் பக்கம் உக்காந்திருந்த விவசாயியே காற்றாலைய ஆதரிக்கிறாரு! ஐயா, தயவுசெஞ்சு எழுந்து பச்சைப் பக்கம் போய் உக்காருங்க."

"நான் எங்கன ஆதரிச்சேன்?"

"மேகத்த வெரட்டலன்னு சொன்னீங்களே."

"வெரட்டலன்னா ஆதரிக்கிறதா? எங்க தெரு நாயி என்னக் கடிக்கல. அதுக்காக அதுக்கு ஓட்டுப் போட்டேன்னு அர்த்தமா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஆனாலும் இரண்டு பையன்கள் வந்து நாற்காலியோடு தூக்கிவிடுவார்கள் போல நின்றதால், அவரே எழுந்து மேடையைக் கடந்து அஜய்குமாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அஜய்குமார் கை கொடுத்தான். "வெல்கம் ஐயா. உண்மையப் பேசுனதுக்கு நன்றி."

"இன்னும் பேசி முடிக்கல" என்றார் மலைச்சாமி. மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "மழை பேஞ்சுச்சு. பேஞ்ச தண்ணி எங்க கண்மாய்க்கு வரல. இவுக போட்ட ரோடு ஓடைய மறிச்சுக்கிட்டுக் கெடக்கு. அடியில குழாய் பதிக்கிறேன்னு சொன்னாக, பதிக்கல. தண்ணி ரோட்டுல முட்டிப் பொட்டலுக்குப் போயிருச்சு. எனக்கு அரை ஏக்கர் பந்தல் காஞ்சிருச்சு. ஐப்பசிக்கு முன்னாடி ஒரு குழாயப் பதிச்சு விடுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

அஜய்குமார் கொடுத்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டான். "சார், இது தனிப்பட்ட புகார். இன்னைக்குத் தலைப்பு இது இல்ல. அவரு எங்க பக்கத்துல உக்காந்து எங்களையே பேசுறாரு."

"ஆமாங்கய்யா" என்றான் வினோத்ராஜ். "அப்ப நீங்க எதிர்ப்புத்தான். அந்தப் பக்கமே போயிருங்க."

மறுபடியும் மேடையைக் கடந்தார். சிவப்பில் அவர் நாற்காலியில் ஜலீல் தன் துணிப்பையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து வைத்திருந்தார்.

"பையை எடுங்க ராவுத்தரே."

"எங்க பக்கம் எதுக்குண்ணே வாரீக? ஏழு ஊரு சொல்றத நீங்க ஒரு ஆளு இல்லன்னுட்டீக. இனி ஊருக்குள்ள நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?"

அப்போதுதான் ஓரத்து மேசையிலிருந்து திரிஷா வாயைத் திறந்தாள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை. "சார், இவரு பேசுனது மொத்தம் ரெண்டு நிமிசம் பதினோரு செகண்டு. இத எந்தப் பக்கத்து நேரத்துல போட?"

"சிவப்புலதான் ஆரம்பிச்சாரு" என்றான் அஜய்குமார்.

"எங்க நேரத்துல ஒரு செகண்டு போடக்கூடாது" என்று எழுந்து நின்றார் ஜலீல். "அவரு சொன்னது அவுகளுக்குத்தான சாதகம்! பச்சையில போடு தாயி."

"எங்களுக்கு எப்படி சார் சாதகம்? ரோட்டப் பத்தியில்ல பேசுறாரு."

மலைச்சாமி மேடை நடுவில் நின்றுகொண்டிருந்தார். தலைக்கு மேலே விளக்குகள் சுட்டன. வாழ்க்கையில் எத்தனையோ தகராறு பார்த்திருக்கிறார். பாத்தியதை கேட்டு அடித்துக்கொள்கிறவர்களைத்தான் பார்த்திருக்கிறார். எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று ஒரு மனுசன் பேச்சை இரண்டு பக்கமும் தள்ளிவிடுவதை இன்றைக்குத்தான் பார்த்தார்.

ஜெபஷீலா கையைத் தூக்கினாள். "ஒரு நிமிசம். அவர் சொல்றதுதான் முக்கியமான விசயம். மழை மொத்தமா வரும்போது ஓடையும் கண்மாயும் திறந்திருக்கணும். காத்தாடி வேணும், அதுக்காக ஓடைய அடைக்கணும்னு இல்லையே..."

"மேடம்" என்றான் வினோத்ராஜ். "நீங்க இப்ப எதிர்ப்புப் பக்கத்துக்குப் பேசுறீங்க. நேரம் ஒங்க பக்கத்துல ஓடுது."

அவள் பச்சைப் பொட்டு ஒட்டிய போனைப் பார்த்தாள். அதில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. மலைச்சாமியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, காகிதக் கட்டில் அடுத்த தாளை எடுத்தாள். நல்ல பொம்பளையாகத்தான் இருப்பாளோ என்று அவருக்கு ஒரு நிமிசம் தோன்றியது. நல்ல பொம்பளைக்கு ஒரு போனைப் பார்த்ததும் வாய் அடைக்குமா என்றும் கூடவே தோன்றியது.

வினோத்ராஜ் கோட்டுப் பொத்தானைத் திருகியபடி முடிவு சொன்னான். "இந்தப் பகுதிய வெட்டிரலாம். ரெண்டு பக்கத்துலயும் வேணாம். ஐயா, நீங்க கீழ இறங்கிப் பார்வையாளரோட உக்காந்துக்குங்க. தப்பா எடுத்துக்காதீங்க. யாரும் எங்கள ஒரு பக்கம் சாஞ்சுட்டாங்கன்னு சொல்லிறக் கூடாதுல்ல."

திரிஷா இரண்டு போனையும் தட்டி அவருடைய நேரத்தை அழித்தாள்.

அவர் கீழே இறங்கி உட்காரவில்லை. பின்பக்கம் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், காலியாகக் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே வரமா சாபமா ஒரு மணி நேரம் நடந்தது. பிரியாணி வாசனை வந்தது. எழுந்து போக மனசில்லை. வந்த வேலை முடியவில்லை.

முடிந்ததும் முதல் ஆளாக அஜய்குமார் வந்தான். பேப்பர் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. மேடையில அப்படித்தான் பேச முடியும். குழாய் விசயம் எனக்குத் தெரியும். ஒரு நாள் வேலை. நான் நினைச்சா ரெண்டு குழாய் இறக்கிருவேன்."

"நினைங்களேன்."

"நினைக்கலாம்." போனை வெளியே எடுத்தான். "நீங்க எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும். உள்ள ஒரு வரி சொன்னீங்களே, 'காத்தாடி அதுபாட்டுக்குச் சுத்துச்சு, மேகம் அதுபாட்டுக்கு ஊத்துச்சு'ன்னு. அத மட்டும் இதுல ஒரு தடவ சொல்லுங்க. எங்க கம்பெனி விளம்பரத்துக்கு. நீங்க நம்பாத எதையும் சொல்லச் சொல்லல. நீங்களே சொன்னதுதான்."

அதுதான் அவரைக் குத்தியது. அவரே சொன்னதுதான். பொய் இல்லை. காலையில் சும்மா சொன்னது, இப்போது குழாய்க்குச் சொல்ல வேண்டும்.

"ரோடு மறிச்சதையும் சேத்துச் சொல்லவா?"

"அது வேணாம். அந்த ஒரு வரி."

"சரி. குழாயப் பதி. ஈரம் காயறதுக்குள்ள வந்து நின்னு சொல்றேன். ஒரு வரி என்ன, பாட்டாவே படிக்கிறேன்."

அஜய்குமார் உதட்டைப் பிதுக்கினான். "மேலிடத்துல காட்டணும்ல ஐயா. முதல்ல நீங்க சொன்னீங்கன்னாத்தான் நான் கேக்க முடியும்."

"முதல்ல ரோடு போட விட்டேன். ரெண்டாவது குழாய்னு சொன்னீக. உங்க ரெண்டாவது எப்ப வரும்னு எனக்குத் தெரியும்."

தட்டை அவன் பக்கமே தள்ளிவிட்டு எழுந்தார். கூடத்தின் வாசலில் ஜலீல் பீடாவை மென்றபடி நின்றார். "பாத்தீகளா அண்ணே. மேகம்னு சொல்லியிருந்தா இவன் இன்னைக்கு ஒங்க காலப் பிடிச்சிருப்பான்."

"பிடிச்சாலும் பிடிச்சிருப்பான்" என்றார் மலைச்சாமி.

"வாங்க, வண்டி நிக்குது."

"அந்த வண்டியில ஏற மாட்டேன்."

தெருவுக்கு இறங்கினபோது பின்னால் செருப்புச் சத்தம் ஓடி வந்தது. திரிஷா. கழுத்தில் அடையாள அட்டை ஆடியது.

"ஐயா, நில்லுங்க. எனக்கு மனசு சரியில்ல. நீங்க சொன்னத அழிச்சது நான்தான். ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. நானே கேமராவ எடுத்துக்கிட்டு ஒங்க ஓடைக்கு வாரேன். தனிச் செய்தியாப் போடச் சொல்றேன்."

"ஒனக்கு எந்த ஊரு ஆத்தா?"

"அல்லிநகரம்."

நம்ம பக்கத்துப் பொண்ணுதான். கண்ணில் கள்ளம் தெரியவில்லை. கள்ளம் தெரியாததே அவருக்கு உறுத்தலாக இருந்தது. "வந்து என்ன பண்ணுவ?"

"ஓடைய எடுப்பேன். ரோட்ட எடுப்பேன். ஒங்களப் பேசச் சொல்லுவேன். அப்புறம் கம்பெனிகிட்டயும் கேக்கணும்."

"எவ்வளவு கேப்ப?"

"ஒங்களுக்குக் குடுத்த அளவு. அது எங்க விதி ஐயா."

"அவன் குழாய் பதிச்சாச்சுன்னு சொன்னா?"

"அதையும் போடணும்."

"குழாய் இல்லையே தாயி. நீதான் வந்து பாக்கப்போற. குனிஞ்சு பாத்தா மண்ணுதான் இருக்கும். பாத்துட்டு, இல்லன்னு சொல்லுவியா மாட்டியா?"

அவள் அடையாள அட்டையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே நின்றாள். "நான் சொல்லக் கூடாதுங்கய்யா. நாங்க முடிவு சொல்லக் கூடாது. விவசாயி இல்லங்கறாரு, கம்பெனி இருக்குங்கறாங்கன்னு ரெண்டையும் போடுவோம். பாக்குறவங்க முடிவு பண்ணிக்கணும்."

"சென்னையில கட்டில்ல படுத்துக்கிட்டுப் பாக்குறவன், எங்க ஓடைக்கு அடியில குழாய் இருக்கா இல்லையான்னு முடிவு பண்ணுவானா?"

"ஆனா படத்துல தெரியும்ல ஐயா" என்றாள். குரல் மெலிந்திருந்தது.

"காஞ்ச ஓடையில என்னத்தத் தெரியும்? நல்ல ரோடு தெரியும். மழை பேயுற அன்னைக்கு வா. தண்ணி எங்கன முட்டி எங்கன திரும்புதுன்னு காட்டுறேன்."

"மழை அன்னைக்கு எங்க எல்லாரையும் அணைக்கு அனுப்பிருவாங்க. தண்ணி தொறக்குறத எடுக்க."

"ம்."

"ஒங்க நம்பரையாவது குடுங்கய்யா. நான் கண்டிப்பா முயற்சி பண்றேன்."

நம்பரைச் சொன்னார். அவள் சிவப்புப் பொட்டு ஒட்டிய போனிலா பச்சைப் பொட்டு ஒட்டிய போனிலா, எதில் குறித்துக்கொண்டாள் என்று பார்க்கவில்லை. கேட்டாள், சொன்னார். வருவாள் என்று நம்பிச் சொன்னதில்லை. வந்தாலும் ஏதாவது நடந்துவிடும் என்றும் நினைக்கவில்லை.

வேன் ஹாரன் அடித்துக்கொண்டு அவரைக் கடந்து போனது. ஜலீல் சன்னல் வழியாகக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். இவர் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். மேகம் வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாமோ என்று இரண்டு கடை தாண்டுகிற வரைக்கும் அரித்தது. மூன்றாவது கடையில் வெற்றிலை வாங்கினார். அந்தப் பொண்ணு இன்னும் மண்டப வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று கடைக்காரன் சொன்னான்.

"நிக்கட்டும்" என்றார் மலைச்சாமி. ஐப்பசி பிறக்கப் பதினாறு நாள் இருந்தது. சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே நடையைக் கட்டினார்.